வரிசையா, ஒற்றையா

சிந்துஜா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டதும் தரணிதரன் முதலில் அடுப்பை அணைத்தான். இன்டர்வியூ முடியும்வரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று கட்டளை. அதுவரை நல்ல கணவன்தான், குறை சொல்ல முடியாது. அடுத்து, சமையலறையில் உட்கார்ந்து உரிக்க வேண்டிய சின்ன வெங்காயத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, அந்தச் சாத்திய கதவுக்குப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தானே, அங்கேதான் சறுக்கினான். ஹாலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெங்காயம் உரிக்க எதற்கப்பா அவ்வளவு வெளிச்சம்? உள்ளே அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ சார், கேக்குதுங்களா சார்" என்றாள். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள் போல, எதிராளியின் குரல் வெளியே வரவில்லை. அவள் பேசுவது மட்டும்தான் கேட்கும், கேள்வியை இவன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், கேட்பது அந்த ஆளாகவே இருந்துவிட்டால், அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை. ஏதோ பாதிக் காரியம் மட்டும் ஒட்டுக் கேட்பதுபோல இருந்தது, பாதிக்குப் பாதிதான் பாவம். "குட் மார்னிங் ஜெகன்னாதன் சார்" என்றாள் அவள். அதே ஆள். கத்தி ஒரு கணம் நின்றது. அந்தக் கம்பெனியில் கேள்வி கேட்க வேறு ஆளே இல்லையா, சரவணம்பட்டியில் இருந்து பீளமேடு வரைக்கும் எத்தனை கம்பெனி இருக்கிறது, இவளுக்கு அங்கேதான் வேலை வேண்டுமா, அதே ஆள்தானா கேட்க வேண்டும்.

அவனும் அந்த ஆளிடம் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவன்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்திரைப் புழுக்கத்தில், ஆபீஸ் பேஸ்மென்டில் நிறுத்தியிருந்த காருக்குள், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினான். கிடைத்துவிட்டால் சிந்துவிடம் திடீரென்று சொல்லி அசத்தலாம், கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் இரண்டாம் பாதி மட்டும் பலித்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்து வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவன், அவனுக்குத் தெரியாததா? அப்போதுதான் அந்த ஆள், கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற தொனியில், ஒரு சின்னக் கேள்வி கேட்டான். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்குள் ஏதோ ஒன்று வந்து சேருகிறது. அது ஒற்றைப் பொருளாகவும் இருக்கலாம், பல பொருள்கள் சேர்ந்த வரிசையாகவும் இருக்கலாம். எழுதும்போது தெரியாது, வந்த பிறகுதான் தெரியும். வரிசை என்று நினைத்து ஒற்றையை எண்ணப் போனால் புரோகிராம் படுத்துவிடும். அது அர்ரேதானா, அதாவது வரிசைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தரணிதரன் சிரித்துவிட்டான். காலேஜ் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி. "என்ன வகை நீ" என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறது என்றான். ஜாவாஸ்கிரிப்டில் அப்படிக் கேட்டால் ஒற்றையும் "நான் ஆப்ஜெக்ட்" என்னும், வரிசையும் "நான் ஆப்ஜெக்ட்" என்னும், ஒன்றும் தெரியாது. சொன்ன வாய் மூடுவதற்குள் தப்பென்று தெரிந்துவிட்டது. சரி சரி, அர்ரே வம்சத்தில் பிறந்ததா என்று கேட்கலாம் என்று மாற்றினான். அந்த ஆள் விடவில்லை. பக்கத்துக்குள் பதித்த இன்னொரு ஜன்னலில் இருந்து வந்த அர்ரேவாக இருந்தால்? அங்கே வம்சமே வேறு, உங்கள் வம்சத்தில் சேர்த்தி இல்லை என்றுதானே சொல்லும்? அப்போது? அப்போது தரணிதரனுக்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. காருக்குள் நெருப்பு. பதில் என்ன தெரியுமா, "நீ அர்ரேயா" என்று அதனிடமே நேராகக் கேட்கிற ஒரு வசதி அந்த மொழியிலேயே இருக்கிறது. எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பான். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அந்த ஆள், "பரவாயில்லை, அடுத்ததற்குப் போகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்தப் பரவாயில்லை இன்னும் வயிற்றுக்குள் கிடக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் சிந்துவுக்குப் பிடிக்குமே என்று காளான் வாங்கிக்கொண்டு வந்தான், அவள் "என்னங்க இன்னைக்கு விசேஷம்" என்று கேட்டாள், "ஒண்ணுமில்ல, சும்மா" என்றான், அவள் தின்றாள்.

உள்ளே சிந்துஜா சிரித்தாள். என்னத்துக்குச் சிரிப்பு? இன்டர்வியூவில் சிரிக்கும்படி என்ன இருக்கிறது? "ஆமாங்க சார், நம்ம பொள்ளாச்சிதானுங்க" என்றாள். ஓகோ, ஊர்க் கதையா. பேச்சு தமிழுக்கு வந்துவிட்டது. அவனிடம் கடைசிவரைக்கும் இங்கிலீஷ்தான், முகத்தில் ஈயாடாமல், ஒரு "எந்த ஊருங்க" கிடையாது. அவனுக்கு மட்டும் ஊர் இல்லையா, கோபிச்செட்டிபாளையம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பொம்பளைப் பிள்ளை என்றால் குழைகிறான்கள் என்று நினைத்தான், நினைத்த உடனே அதற்காக வெட்கப்பட்டான், வெட்கப்பட்ட உடனே, ஆனாலும் உண்மைதானே என்று மறுபடி நினைத்தான். மனசு இப்படித்தான் செக்கு சுற்றியது. இவள் டெஸ்டிங்கில் இருந்தவள். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. கல்யாணம் பேசும்போது, "பையன் டெவலப்பருங்க, பொண்ணு டெஸ்டருங்க" என்று தரகர் சொன்ன வரிசையிலேயே ஒரு மேல் கீழ் இருந்தது, அது தரணிதரனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. யாரும் குற்றம் சொல்லாத, சுகமான மேல் கீழ். அப்புறம் இவள் ராத்திரியும் பகலும் படித்துக் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். அவன்தான் காப்பி போட்டுக் கொடுத்தான். அவன்தான் பழைய மானிட்டரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "எங்க சிந்து எதையும் சீக்கிரம் புடிச்சுக்குவாளுங்க" என்று மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாமனார் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த தரணிதரன் எல்லாரையும்விட முதலில் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, இலையில் இருந்த மைசூர்பாகை அப்படியே வைத்துவிட்டான். இனிப்பு இறங்கவில்லை.

பொறாமையா? சேச்சே. சொந்தப் பெண்டாட்டி மேல் யாராவது பொறாமைப்படுவானா? அவள் ஜெயித்தால் வீட்டுக்குத்தானே நல்லது. காலையில் யார் அவளுக்குத் தோசை ஊற்றியது? யார் அவள் ஸ்கூட்டியைச் சர்வீஸுக்கு விட்டது? யார் குக்கரை அணைத்தது? பொறாமைக்காரன் இதெல்லாம் செய்வானா? தரணிதரன் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துத் தன் முன்னால் வைத்துப் பார்த்தான். எதைக் கேட்டாலும் "நான் அன்பு" என்றுதான் சொல்லியது. நேற்றுச் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது நடந்ததை மட்டும் அவன் எடுத்து வைக்கவில்லை. அது தானாகவே வந்து நின்றது. கொடியில் இருந்து ஒவ்வொரு துணியாக உருவித் தோளில் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள், "ஏங்க, எனக்கென்னமோ பயமாவே இருக்குதுங்க. என்னதாங்க கேப்பாங்க?" அவன் விலாவாரியாகச் சொன்னான். அது கேட்பார்கள், இது கேட்பார்கள், இதற்கு இப்படிச் சொல்லு, அதற்கு அப்படிச் சொல்லாதே. ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை கேள்வியும் சொன்னான். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதில்லை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், எப்படித் தெரியும் என்று கேட்டால் காருக்குள் உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டும். அதனால்தான் சொல்லவில்லை என்று ராத்திரி தூங்கப் போகும்போது முடிவு கட்டினான். அதனால் மட்டும்தானா என்று விடியற்காலையில் முழிப்புத் தட்டியபோது ஒரு சந்தேகம் வந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு வேலை கிடைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்த ஒரு கேள்வியில் மட்டும் அவளும் தடுக்கி விழ வேண்டும். அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சறுக்கல். அவளுக்கும் ஒரு பரவாயில்லை கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால் அப்புறம் அவளைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுவான். வெங்காயம் கண்ணில் எரிந்தது, புறங்கையால் துடைத்தான், அது இன்னும் எரிந்தது.

"சார், ஒரு வேல்யூ அர்ரேயான்னு ரன்டைம்ல எப்படி செக் பண்றதுன்னு கேக்கறீங்க, சரிங்களா?" என்றாள் சிந்துஜா, கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிற அவள் வழக்கப்படி. தரணிதரன் கையில் பாதி உரித்த வெங்காயம். மணமேடையில்கூட நெஞ்சு அப்படி அடித்ததில்லை. வந்துவிட்டது. அந்த ஆள் எல்லாரிடமும் இதையே கேட்கிறான், புதிதாக யோசிக்கக்கூடத் துப்பில்லாதவன். சொல்லு, என்ன வகை நீ என்று கேட்பேன் என்று சொல்லு, எல்லாரும் அங்கேதான் விழுவார்கள், விழு. அவள் விழவில்லை. "டைப் கேட்டா ரெண்டுமே ஆப்ஜெக்ட்னுதானுங்க சார் வரும், அது உதவாது. எங்க ஆபீஸ்ல இப்படித்தாங்க ஒண்ணு ஆச்சு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் காட்டற பேஜ். நெறையப் பேர் இருந்தா நல்லா வரும். ஒரே ஒரு பேஷன்ட் இருந்தா பேஜ் வெள்ளையாப் போயிரும். யாருக்குமே புரியல. நாந்தாங்க புடிச்சேன். ஒருத்தர் மட்டும் இருக்கறப்ப சர்வர் அதை லிஸ்டாவே அனுப்பலீங்க, தனியா அனுப்புது." டெஸ்டர் புத்தி. ஓட்டை கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே ஊறிப்போனவள். அவனாக இருந்தால் அந்தப் பேஷன்டைக் குறை சொல்லியிருப்பான். அப்புறம் அவள் வம்சம் கேட்கிற முறைக்கு வந்தாள், இதைப் போட்டால் கண்டுபிடிக்கலாம் என்றாள். தரணிதரன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். இங்கேதான், இங்கேதான் அந்த ஆள் கத்தியை உருவுவான். உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வேற ஐஃப்ரேம்ல இருந்து வந்ததுன்னா..." என்று மெதுவாக முணுமுணுத்தாள். அதே இன்னொரு ஜன்னல்தான். அதற்கப்புறம் சத்தம் இல்லை.

அந்த மௌனம் இருக்கிறதே, தரணிதரன் பிறந்ததில் இருந்து அப்படி ஒரு இனிப்பைச் சாப்பிட்டதில்லை. உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால்வரை ஜில்லென்று இறங்கியது. தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவன் முட்டாள் இல்லை, கேள்விதான் அப்படி, யாராக இருந்தாலும் அங்கே வந்து நிற்கத்தான் வேண்டும், இவள் நின்றுவிட்டாள், பொள்ளாச்சி, மாமனார், சீக்கிரம் புடிச்சுக்குவா, எல்லாரும் வந்து பாருங்கள், நின்றுவிட்டாள். பாவம், உள்ளே அவள் முகம் எப்படிச் சிவந்திருக்கும், நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், வெளியே வந்ததும் தோளில் சாய்த்துக்கொண்டு "விடு சிந்து, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது குரல் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். அப்போது உள்ளே இருந்து, "ஒரு நிமிஷம் குடுங்க சார், யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். வெட்கமே இல்லாமல் கேட்டாள். கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுபோலக் கேட்டாள். கேட்கலாமா? கேட்டால் கொடுப்பார்களா? அவனுக்கு ஏன் அது தோன்றவில்லை? பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட, யாரிடமும், யோசிக்க ஒரு நிமிஷம் வேண்டும் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. நிமிஷம் ஓடுகிறது. கண்டுபிடித்துவிடுவாளா? மாட்டாள். மாட்டாள், மாட்டாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். தொலைந்த கம்மல் தலையணை உறைக்குள் கிடைத்தபோது வந்த சத்தம். கணக்கு இடிக்கிற இடம் பிடிபட்டதும் வருகிற சத்தம். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்காகவே அவன் அவளிடம் விடுகதை போட்டிருக்கிறான், அவ்வளவு பிடிக்கும். தரணிதரன் எழுந்தான். எழுந்தது தெரியும், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் மோடத்தின் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்ததும் தெரியும், அதற்குக் கீழே இருந்த ஸ்விட்சும் தெரியும். விரல் போனது மட்டும்தான் தெரியவில்லை என்று பின்னால் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளக்கூடும். தெரிந்துதான் போனது. "சார், அதுக்கு நேரா..." என்று உள்ளே அவள் ஆரம்பித்தாள், டக்கென்று ஒரு சத்தம், பச்சை விளக்குகள் அணைந்தன.

"ஹலோ சார்? சார், கேக்குதுங்களா? ஹலோ?"

அவன் திரும்பி வந்து உட்கார்ந்து வெங்காயத்தைக் கையில் எடுப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. சிந்துஜா ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க நின்றாள். முகமெல்லாம் பளபளவென்று இருந்தது, பதில் இன்னும் வாயிலேயே இருந்தது.

"ஏங்க, நெட்டு போயிருச்சுங்க. என்னாச்சுங்க?"

"கரண்ட்டு போயிருச்சாட்ட இருக்குது" என்றான் தரணிதரன். சொன்ன விதம் சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் அக்கறை. "இவனுகளுக்கு நேரங்காலமே தெரியாது, சனிக்கெழமையும் அதுவுமா."

அவள் மோடத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அதற்கப்புறம் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும், அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்து சரியாகியிருக்கும். அவள் கோபமாகப் பார்க்கவில்லை. வெள்ளையாகிப்போன ஒரு பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, இது எதனால் என்று யோசிக்கிறவள்போலப் பார்த்தாள். அதிக நேரம் ஆகவில்லை. அவளுக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. இந்தத் தடவை "ஆ" என்று சத்தம் வரவில்லை.

"சரிங்க" என்றாள். சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த தன் ஃபோனை எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

தப்பித்தோம் என்று தரணிதரன் மூச்சு விட்டான். நம்பிவிட்டாள். ஃபோனில் இணைத்து எப்படியும் பேசிவிடுவாள், பேசட்டும், அவன் என்ன பெரிய கொலையா செய்துவிட்டான், நெட் போகாத வீடு எது, ஒரு கணம்தான், அதற்குள் அந்த ஆள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பான், போகாமலும் இருந்திருக்கலாம். உள்ளே அவள் குரல் கேட்டது. "ஸாரி ஜெகன்னாதன் சார். எங்க வீட்டுல கரண்ட் போயிருச்சுங்க. ஃபோன்ல இருந்து பேசறேனுங்க." குரல் லேசாக நடுங்கியது. எதற்கு நடுங்குகிறது? இத்தனை நேரம் நடுங்காத குரல், பதில் கையில் வைத்திருக்கிற குரல். மேலே எதற்குப் பார்த்தாள்? அப்போதுதான் தரணிதரன் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில்தான் வெங்காயச் சருகுகள் ஹால் முழுக்கப் பறந்து கிடந்தன, அவன் சட்டை பட்டன் இடுக்கில்கூட ஒன்று ஒட்டியிருந்தது.

அவன் எழுந்துபோய் ஃபேனை அணைத்தான். இனி அணைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தேதான் அணைத்தான். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. உள்ளே சிந்துஜா செருமிக்கொண்டாள். "சார், அந்தக் கேள்விக்கு வர்றேனுங்க. வம்சம் கேக்கவே வேண்டாங்க. நீ அர்ரேயான்னு நேரா அதுகிட்டயே கேக்கறதுக்கு வழி இருக்குதுங்க, அதைக் கேட்டா எந்த ஜன்னல்ல இருந்து வந்தாலும் உண்மையச் சொல்லிரும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "தேங்க்ஸுங்க சார்" என்றாள். சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும், மறுபடி பேச ஆரம்பித்தாள், நிறையப் பேசினாள். தரணிதரனுக்கு நெற்றியில் இருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அவன் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. அவள் பேசி முடித்து வெளியே வரும்வரை அந்த வீட்டில் கரண்ட் இல்லை.